இன்னொரு டாக்டரிடம் காட்டுவது துரோகம் இல்லை



ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு புதிர்க் கணக்கு போடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் கணக்கு இல்லை. கொஞ்சம் கோபத்தில் இருக்கிறேன், பதிவு நீளமாகத்தான் வரும். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களும், சீக்கிரம் குழந்தை வரப்போகிறவர்களும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். பெரியவர்கள் கட்டாயம் படியுங்கள், ஏனென்றால் என் கோபமே பெரியவர்கள் மேல்தான்.

விஷயம் இதுதான். பிள்ளைக்கு வைத்தியம் நடக்கும்போது இன்னொரு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று பெற்ற தாய் கேட்டால், நம் குடும்பங்களில் அதை ஏதோ செய்நன்றி மறந்த செயல் மாதிரி பார்க்கிறார்கள். அதிலும் பிறவி வளைபாதம் மாதிரி, ஒவ்வொரு வாரமும் கணக்கில் வருகிற விஷயத்தில் இந்த வீண் மரியாதை பிள்ளையின் காலைக் கெடுத்துவிடும்.

வளைபாதம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாகத் திரும்பி, குதிகால் மேலே ஏறி, உள்ளங்கால் இன்னொரு காலைப் பார்த்தபடி இருக்கும். டாக்டர்கள் கிளப்ஃபுட் என்பார்கள். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். சுமார் பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் வருவதில்லை. கர்ப்பத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததால் வருவதில்லை. பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் முதலில் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

என் தங்கை மகளுக்குப் பிறந்த பையனுக்கு வலது காலில் இது இருந்தது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றாள். பக்கத்து ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்தாம் நாளே மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு முழங்காலுக்குக் கீழேயே முடிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான் மாற்றினார்கள். இரண்டு தடவை கட்டு நழுவி விரல்கள் உள்ளே போய்விட்டன. மூன்று கட்டு முடிந்ததும், "இது கட்டுக்கு நிமிராது, ஒரு வயசுக்கு அப்புறம் பெரிய ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

தொட்டில் போடுகிற அன்று வீடு நிறைய ஆட்கள். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்: "பெரியம்மா, வாரா வாரம் கட்டு மாத்தணும்னு படிச்சேன். வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டிப் பார்ப்போமா?"

அவ்வளவுதான். "பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியையே சந்தேகப்படுறியா?" என்றார் ஒருவர். "நெட்டுல நாலு வீடியோ பார்த்துட்டு டாக்டருக்குப் பாடம் எடுக்காதே" என்றார் இன்னொருவர். "அவருக்குத் தெரிஞ்சா இனி நம்ம பிள்ளையைத் தொடவே மாட்டார்" என்றார் சம்பந்தியம்மா. பேசிய ஒருவருக்கும் வளைபாதத்துக்கு வைத்தியம் எப்படி நடக்கும் என்று தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்தவள் அந்த ஒருத்திதான். அவளைத்தான் வாயை மூடு என்றார்கள்.

அன்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

"டாக்டர் கோபித்துக்கொள்வார்." முப்பத்து மூன்று வருஷம் உங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். விடை வந்ததும் பேனாவை மூடாதே, எக்ஸின் மதிப்பைச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? சரிபார்த்தால் விடைக்கு அவமானமா? சரியான விடையாக இருந்தால் இரண்டாம் தடவையும் அதுவேதான் வரும், நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகலாம். வைத்தியமும் அப்படித்தான். முதல் டாக்டர் சொன்னது சரி என்று இரண்டாமவரும் சொன்னால், மனசு குழம்பாமல் அவரிடமே திரும்பிப் போகலாம். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டாலும் அது அவர் பிரச்சினை, பிள்ளையின் கால் நம் பிரச்சினை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பது ஓர் உரிமை என்றே எழுதியிருக்கிறது. மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. கெஞ்ச வேண்டியதில்லை, எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

"நெட்டைப் பார்த்துவிட்டுப் பேசுகிறாள்." இதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. இன்று உலகம் முழுக்க வளைபாதத்துக்குச் செய்கிற முறைக்கு பொன்செட்டி முறை என்று பெயர். இக்னாசியோ பொன்செட்டி 1914-இல் ஸ்பெயினில் பிறந்தவர், அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அறுவை செய்து நிமிர்த்திய பாதங்கள் பின்னாளில் இறுகிப்போவதைப் பார்த்துவிட்டு, கையாலேயே மெதுவாகத் திருப்பி மாவுக்கட்டில் நிறுத்தும் முறையை உருவாக்கினார். 1963-இலேயே கட்டுரை எழுதினார். பல வருஷம் பெரும்பாலான டாக்டர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1990-களின் கடைசியில் இதைப் பரப்பியதில் பெரிய பங்கு பெற்றோர்களுடையது. "அறுவைதான் வழி" என்று கேட்ட தாய் தகப்பன்மார் இணையத்தில் தேடி, அயோவாவுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், திரும்பி வந்து மற்றவர்களுக்கு எழுதினார்கள். இன்னொரு டாக்டரிடம் கேட்கலாமா என்று அவர்கள் கேட்டதால் எத்தனையோ பிள்ளைகள் கத்தியிலிருந்து தப்பின. என் தங்கை மகள் செய்ததும் அதையேதான்.

"ஒரு வயசு ஆகட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்." பச்சைக் குழந்தையின் எலும்பும் தசைநாரும் இளக்கமாக இருக்கும்போது திருப்புவது எளிது. அதனால்தான் பிறந்த ஒன்றிரண்டு வாரத்திலேயே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். அப்போது விட்டவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை, நடக்கிற வயதுப் பிள்ளைகளுக்கும் இந்த முறையில் செய்கிறார்கள். ஆனால் கைக்கு வருகிற காலத்தை வேண்டுமென்றே கைவிடுவானேன்? மூட்டுகளையெல்லாம் திறந்து செய்கிற பெரிய அறுவையில் பாதம் பார்க்க நேராகிவிடும். வயது ஏற ஏற இறுக்கமும் வலியும் வருவது பலருக்கு நடந்திருக்கிறது. பொன்செட்டியிடம் வைத்தியம் பார்த்தவர்களை முப்பது வருஷம் கழித்துச் சோதித்து 1995-இல் வெளியிட்டார்கள். 78 சதவீதம் பேருக்குப் பாதம் நன்றாகவோ மிக நன்றாகவோ இருந்தது. பிறவியிலேயே குறையில்லாத பாதம் உள்ளவர்களை ஒப்பிட்டபோது அவர்களிலேயே 85 சதவீதம்தான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுவையே தேவைப்படாது என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்குத் தேவைப்படும். ஆனால் கட்டைச் சரியாகப் போட்டுப் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு அது.

"செலவு யார் பார்ப்பது?" குழந்தைகளுக்கான தேசிய நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. 2013-இல் தொடங்கியது. பிறப்பிலேயே கண்டுபிடிக்க வேண்டிய குறைகளின் பட்டியலில் வளைபாதமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே வாரத்தில் ஒரு நாள் கிளினிக் நடக்கிறது. அங்கே காசு வாங்குவதில்லை. உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், எங்கே, எந்தக் கிழமை என்று சொல்வார். "கவர்மென்ட் ஆஸ்பத்திரியா?" என்று முகத்தைச் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாரம் முழுக்க எலும்பு முறிவு பார்த்துவிட்டு எப்போதாவது ஒரு வளைபாதம் பார்க்கிற கை வேறு. ஒவ்வொரு வாரமும் வரிசையாகப் பிள்ளைகளுக்குக் கட்டுப் போடுகிற கை வேறு.

எங்கள் பையனை அங்கேதான் கொண்டுபோனோம். அந்த டாக்டர் முதல் டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பாதத்தில் ஆறு அடையாளங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டார். பிரானி மதிப்பெண் என்று பெயர், மொத்தம் 6, கூடுதலாக இருந்தால் வளைவு கூடுதல். எங்கள் பையனுக்கு 5. தொடை வரைக்கும் கட்டு, முழங்கால் மடக்கி. ஏன் தொடை வரை என்று கேட்டேன். முழங்காலுக்குக் கீழே நிறுத்தினால் கால் கட்டுக்குள்ளேயே சுழன்று திருப்பியது வீணாகிவிடும், குழந்தையின் கொழுகொழு காலில் கட்டும் நழுவும் என்றார். வாரம் ஒரு கட்டு, ஆறு கட்டு. பிறகு குதிகால் தசைநாணைச் சின்னதாகக் கத்தரித்துவிட்டு மூன்று வாரத்துக்குக் கடைசிக் கட்டு. இந்தச் சின்னக் கத்தரிப்பு பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படுமாம், பயப்பட வேண்டாம். இப்போது பையனுக்குப் பதினொரு மாசம். உள்ளங்காலைத் தரையில் பதித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன், அங்கேயும் எனக்குக் கோபம் உண்டு.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் செய்தி அனுப்பினான்: "டீச்சர், ராத்திரி பிரேஸ் போட்டா பாப்பா அழுவுது. பிரேஸ் வேணாம்னு சொல்ற டாக்டர் யாராச்சும் தெரியுமா?" தம்பி, நீ கேட்பது செகண்ட் ஒப்பினியன் இல்லை. விடையை நீயே எழுதி வைத்துவிட்டு, அதற்கு டிக் போட ஓர் ஆள் தேடுகிறாய்.

கட்டுப் பிரித்ததும் பாதம் நேராகத் தெரியும், வைத்தியம் முடிந்த மாதிரி இருக்கும். அங்கேதான் ஆபத்து. இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் இணைத்த பிரேஸை முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட வேண்டும். அதன் பிறகு தூங்கும்போது மட்டும், நான்கைந்து வயது வரை. பாதம் திரும்ப வளைவதற்கு முதல் காரணம் பிரேஸைக் கைவிடுவதுதான். பிள்ளை அழுதால் ஷூ கடிக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா, குதிகால் ஷூவுக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கிளினிக்கில் காட்டுங்கள். "பாவம், கழற்றி விடு" என்று சொல்கிற பாட்டிகளே, தாத்தாக்களே, அந்தப் பாசம் பிள்ளைக்கு இன்னொரு வரிசை மாவுக்கட்டில் போய் முடியும்.

அதேபோல் எண்ணெய் போட்டு நீவுகிறவரிடமும், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற நாட்டு வைத்தியரிடமும் தூக்கிக்கொண்டு போவதும் இரண்டாவது கருத்து ஆகாது. இந்த முறையைக் கற்று, தொடர்ந்து செய்கிறவரிடம் கேட்பதுதான் இரண்டாவது கருத்து.

எப்படிக் கேட்பது? இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. பொன்செட்டி முறையிலா செய்கிறீர்கள்? இதுவரை எத்தனை பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறீர்கள்?
2. கட்டு தொடை வரை போடுவீர்களா? எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்றுவீர்கள்?
3. இன்றைக்கு மதிப்பெண் எவ்வளவு? போன வாரம் எவ்வளவு இருந்தது?
4. இடுப்பையும் முதுகுத்தண்டையும் பார்த்தீர்களா? (சில பிள்ளைகளுக்கு வளைபாதத்தோடு வேறு குறையும் சேர்ந்திருக்கும், அவர்களுக்கு வைத்தியம் மாறும்.)
5. கட்டு முடிந்த பிறகு என்ன? பிரேஸ் எங்கே கிடைக்கும், எத்தனை வருஷம்?

ஐந்துக்கும் எரிச்சல் இல்லாமல் பதில் சொன்னால், அந்த டாக்டரை விடாதீர்கள். பதில் வரவில்லை என்றாலும், வாரங்கள் போயும் மதிப்பெண் இறங்கவில்லை என்றாலும், கட்டு அடிக்கடி நழுவினாலும் அன்றைக்கே இன்னொருவரைப் பாருங்கள்.

கேட்கப் போகிறோம் என்று கட்டை நீங்களாகப் பிரிக்காதீர்கள், நடக்கிற வைத்தியத்தை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் யோசிக்காதீர்கள். ஒவ்வொரு கட்டு மாற்றும்போதும் பாதத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வையுங்கள், சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். விரல்கள் நீலம் பூத்தாலும், சில்லிட்டாலும், வீங்கினாலும், கட்டுக்குள் மறைந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒரு பெண் "வேற டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டால், அவள் யாரையும் அவமானப்படுத்தவில்லை. பிள்ளையின் காலை இருபத்து நாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறவள் கேட்கிறாள். விவாதம் வேண்டாம். ஃபைலை எடுக்கச் சொல்லிவிட்டு, வண்டிக்குச் சொல்லுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை என்று தெரியாமல் நிற்கிறவர்கள் தயங்காமல் எனக்கு எழுதுங்கள், விசாரித்துச் சொல்கிறேன். புதிர்க் கணக்கு அடுத்த ஞாயிறு.

உங்கள் கணக்கு டீச்சர்