பதிவேட்டைப் பார்க்கும் உரிமை யாருக்கு?

குருகிராமிலும் நொய்டாவிலும் பெங்களூருவிலும் இரவெல்லாம் கண்விழித்து அயல்நாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் கால்சென்டர் தொழிலாளர்களை நிர்வாகங்கள் “ஏஜென்ட்” என்றே அழைத்து வருகின்றன. தொழிலாளி என்றால் தொழிலாளர் சட்டம் நினைவுக்கு வந்துவிடும் அல்லவா? இப்போது அதே பெயரில் இன்னொன்றும் அந்தக் கூடங்களுக்குள் நுழைகிறது: செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட். நிறுவனத்தின் தொலைபேசி அழைப்புப் பதிவுகள் அனைத்தையும் நொடியில் துழாவி எடுக்கும் கருவி அதன் கையில் தரப்படுகிறது.

அழைப்புகள் பதிவாவது புதிதல்ல. யார் யாரை அழைத்தார், எத்தனை நொடி காத்திருக்க வைத்தார், முதலில் துண்டித்தது யார் என்பவை நெடுங்காலமாகவே கணினியில் ஏறி வருகின்றன, பேச்சும் ஒலிப்பதிவாகிறது. ஆனால் அந்தக் குவியலை முழுவதும் கேட்க எந்த மேலாளருக்கும் நேரமிருந்ததில்லை. மாதத்திற்குச் சில அழைப்புகளை மாதிரிக்கு எடுத்துக் கேட்பார்கள். அந்த நேரமின்மையே தொழிலாளிக்குச் சிறிதளவு நிழலாக இருந்தது. அந்த நிழல்தான் இப்போது பறிபோகிறது. செயற்கை நுண்ணறிவோடு வெளிக் கருவிகளை இணைப்பதற்கான பொது நெறிமுறை ஒன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பின், இத்தகைய கருவிகளைப் பொருத்துவது எளிதாகிவிட்டது. “கடந்த மாதம் அதிக நேரம் காத்திருக்க வைத்தவர்கள் யார்?” என்று மேலாளர் சாதாரண மொழியில் கேட்டால் பெயர்ப்பட்டியல் வரும். எழுத்தாக மாற்றப்பட்ட உரையாடல்களில் “சங்கம்” என்ற சொல்லைத் தேடச் சொன்னாலும் வரும்.

பட்டியலில் வராதவையும் உண்டு. முதியவர் ஒருவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, அட்டையின் எண்ணை வாசிக்கும்வரை தொழிலாளி பொறுமையாக இருந்தால், பதிவேட்டில் அது வெறும் தாமதம். வாடிக்கையாளர் கெட்ட வார்த்தையால் திட்டியதைக் கேட்டுக் குரல் நடுங்கினால், அது “எதிர்மறைத் தொனி”. இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சை எழுத்தாக்கும்போது இயந்திரம் தவறு செய்கிறது. இல்லாததை இருப்பதாகச் சொல்லும் குணமும் இந்த நுண்ணறிவுக்கு உண்டு. அந்தத் தவறு ஊக்கத்தொகையில் வெட்டாக, அடுத்த ஷிப்டில் நீக்கக் கடிதமாக இறங்கும். என்ன கேள்வி கேட்கப்பட்டது, எந்தப் பதிவிலிருந்து பதில் வந்தது என்பது பாதிக்கப்பட்டவருக்குத் தெரியவே தெரியாது.

கேட்டுப் பார்க்கலாமே என்பவர்கள் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டட்டும். வேலைவாய்ப்பு நோக்கத்திற்காகவும், முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் தரவை அவர் ஒப்புதலின்றியே கையாளலாம் என்கிறது 7ஆவது பிரிவு. தன் தரவைப் பார்க்கும் உரிமையையும் திருத்தும் உரிமையையும் தரும் 11, 12ஆவது பிரிவுகளோ, ஒப்புதல் தந்தவருக்கே அவ்வுரிமை என்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: ஒப்புதலே கேட்கப்படாத தொழிலாளிக்குப் பார்க்கும் உரிமையும் இல்லை! அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாட்டில்தான் இந்தச் சட்டம்.

இச்சட்டத்தின் விதிகளை மோடி அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. குடிமக்களின் உரிமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை முடமாக்கும் பிரிவோ உடனடியாக அமலானது. மஸ்டர் ரோலைக் காட்டு என்று ராஜஸ்தானத்துக் கிராமப்புற உழைப்பாளிகள் நடத்திய போராட்டத்திலிருந்து முளைத்த சட்டம் அது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அதே மாதம் 21ஆம் தேதி அமலாக்கப்பட்டன. தற்செயல் என்று நம்ப விரும்புவோர் நம்பிக்கொள்ளட்டும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் 1936இல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம்கூட, அபராதத்துக்குரிய குற்றங்களை முன்கூட்டியே அறிவிப்பாக ஒட்ட வேண்டும், தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் அபராதம் விதிக்கக் கூடாது, அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. இன்று வெட்டப்படுவது “அபராதம்” என்ற பெயரில் இல்லை; ஆகவே விளக்கம் கேட்கவும் ஆளில்லை.

நாம் கருவியை எதிர்க்கவில்லை. இயந்திரம் வேறு, அதன் மூலதனப் பயன்பாடு வேறு என்பதை மார்க்சிடம் படித்தவர்கள் நாம். ஷிப்ட் முடிந்தபின் கணக்கில் வராத எத்தனை நிமிடம் பேச வைத்தார்கள் என்பதை இதே பதிவேட்டிலிருந்து இதே கருவி எடுத்துத் தர முடியும். மிகைநேர ஊதியம் கோரும் தொழிலாளிக்கு அதைவிடச் சிறந்த சாட்சி எது? அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை ஒரு தரப்பிடம் மட்டும் இருப்பதுதான் பிரச்சினை.

ஐ.டி., கால்சென்டர் ஊழியர்களை “வெள்ளைச் சட்டைக்காரர்கள்” என்று ஒதுக்கும் மனப்பாங்கு நம் அணிகளிலும் இன்னும் முற்றிலுமாகப் போய்விடவில்லை. அதைச் சொல்லாமல் இருப்பது நேர்மையாகாது. அங்குள்ள சங்கங்களோடு நின்று உடனடியாக எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் உள்ளன. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் தொழில்நுட்ப மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற விதி தொழில் உறவுத் தொகுப்பிலும் எஞ்சியிருக்கிறது. இந்த ஏஜென்ட்டைப் பொருத்துவது அத்தகைய மாற்றமே என்று சங்கங்கள் உரிமை கோர வேண்டும். தொழிலாளி பற்றிக் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியும் பதிலும் எழுத்தில் சேமிக்கப்பட்டு, அவரிடமும் அவரது சங்கத்திடமும் தரப்பட வேண்டும். மனிதர் ஒருவர் ஒலிப்பதிவைக் கேட்டு, தொழிலாளியின் விளக்கத்தையும் கேட்காமல் ஊதியத்திலோ வேலையிலோ கைவைக்கக் கூடாது. தரவுச் சட்டத்தின் 7ஆவது பிரிவில் முதலாளிகளுக்குத் தரப்பட்ட விலக்கு நீக்கப்பட வேண்டும்.