பேச்சா, வைத்தியமா?

1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மாள் வியன்னா நகரத்து டாக்டர் ஸிக்மண்ட் பிராய்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் பிள்ளையைப் பற்றித்தான். பிள்ளைக்கு என்ன என்பதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார். டாக்டர் புரிந்து கொண்டு, தம் கைப்படப் பதில் எழுதினார். உங்கள் மகன் ஆண்களிடமே ஈர்ப்புக் கொண்டவன் என்று தெரிகிறது. ஆனால் அந்த வார்த்தையை நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லையே, ஏன் என்று கேட்டார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இதை வியாதி என்று வகைப்படுத்த முடியாது என்றார்.

அந்தத் தாயார் முக்கியமாகக் கேட்டது, மாற்ற முடியுமா என்பதைத்தான். அதற்கு டாக்டரின் பதில்: வாக்குக் கொடுக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு அது சாத்தியமே இல்லை. பையன் மனம் நொந்து தவித்துக் கொண்டிருந்தால், அவன் மாறினாலும் மாறாவிட்டாலும், மன நிம்மதிக்கு வழி செய்யலாம்.

பிராய்டு சொன்ன எத்தனையோ விஷயங்களை இன்றைய டாக்டர்கள் ஒப்புக் கொள்வதில்லை. தாய் தகப்பன் வளர்த்த விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று பலர் பேசக் காரணமாயிருந்தவரும் அவர்தான். ஆனாலும் இந்த ஒரு கடிதத்தில் மனிதர் தம் தொழிலின் எல்லையை மறைக்காமல் சொல்லிவிட்டார் அல்லவா? அந்த ஒன்று இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கு, 77 வருஷங்களுக்குப் பிறகு நடந்த ஒரு வழக்கைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

2012 நவம்பரில் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. வாதிகள் ஆறு பேர்: நாலு இளைஞர்கள், இரண்டு தாய்மார்கள். பிரதிவாதி, ஜெர்ஸி ஸிட்டியில் யூத சமூகத்தார் சிலர் நடத்தி வந்த 'ஜோனா' என்ற ஸ்தாபனம். தன்பால் ஈர்ப்பை மாற்றித் தருகிறோம் என்று சொல்லிப் பணம் வாங்கி வந்தார்கள். தனியாக ஆலோசனைக்கு 100 டாலர், கூட்டாக உட்கார 60 டாலர் என்று வாதிகள் மனுவில் கணக்குக் காட்டினார்கள். வாரா வாரம் போக வேண்டும். வருஷத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதில் வேதனை என்னவென்றால், ஸ்தாபனத்தை ஆரம்பித்தவர்களும் இதே விஷயத்தில் தங்கள் பிள்ளைகளை நினைத்துக் கலங்கிய பெற்றோர்கள்தான். கெட்ட எண்ணம் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

வைத்தியம் எப்படி நடந்தது என்கிறீர்களா? தாய் அதிகமாகச் சீராட்டியதாலும், தகப்பன் ஒதுங்கி நின்றதாலும்தான் பையன் இப்படி ஆனான் என்பது அவர்கள் சித்தாந்தம். ஆகவே ஓர் இளைஞனிடம் டென்னிஸ் மட்டையைக் கொடுத்து, எதிரே தலையணையை வைத்து, அதை உன் தாயாராக நினைத்துக் கொண்டு அடி என்றார்கள். அவனும் அடித்தான். மற்றொருவனை ஆலோசகருக்கு முன்னாலேயே ஆடைகளைக் களையச் சொன்னார்கள். அதற்கு மேல் எழுத எனக்குக் கூசுகிறது; கோர்ட்டில் அந்தப் பையன்கள் கூசாமல் சொல்ல வேண்டியிருந்தது.

பணம் கட்டுகிறவள் தாய். பழி சுமக்கிறவளும் தாய். அடி வாங்குகிறவளும், தலையணை ரூபத்தில், அவளேதான்!

எங்கள் நம்பிக்கையைச் சொன்னோம், நாடி வந்தவர்களுக்கு உதவி செய்தோம் என்று வாதாடினார்கள் ஜோனாக்காரர்கள். அமெரிக்க அரசியல் சாஸனத்தின் முதல் திருத்தம் மதத்துக்கும் வாக்குச் சுதந்திரத்துக்கும் பெரிய காவல். யாரும் எதையும் நம்பலாம், நம்பியதைச் சொல்லலாம். ஆனால் இந்த வழக்கு அந்த வாசல் வழியாக வரவேயில்லை. அது வந்தது கடைத் தெருவின் வழியாக! வாங்குகிறவரை ஏமாற்றி விற்கக் கூடாது என்ற சட்டம் இருக்கிறதே, நெய்யில் டால்டாவைக் கலந்தவன் மேல் பாய்கிற மாதிரியான சட்டம், அதன் கீழ்தான் வழக்கு. இது வியாதி என்று சொல்லிக் காசு வாங்குவதும், நூற்றுக்கு இத்தனை பேர் குணமானார்கள் என்று ஆதாரம் இல்லாமல் புள்ளி சொல்லுவதும் மோசடி என்று ஜட்ஜ் பீட்டர் பாரிஸோ 2015 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார். பூமி தட்டை என்று சொல்லுகிற சித்தாந்தத்தோடு அதை ஒப்பிட்டார்.

2015 ஜூனில் மூன்று வாரம் விசாரணை. ஜூரிகள் சில மணி நேரத்தில் திரும்பி வந்து, மோசடிதான் என்றார்கள். சுமார் 72,000 டாலர் வாதிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஜூன் 25-ஆம் தேதி முடிவாயிற்று. (மறுநாள்தான் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரே பாலினத்தவர் விவாகத்தை நாடு முழுவதற்கும் செல்லும்படி செய்தது. அந்த ஆரவாரத்தில் இந்தச் செய்தி பலர் கண்ணில் படவில்லை.) டிசம்பரில் ஸ்தாபனத்தையே மூடும்படி உத்தரவு.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் இந்த வாரம் நான் வேறு எதையாவது எழுதியிருப்பேன். ஏமாந்த பிறகு வழக்குப் போடுவது ஒன்று. ஏமாறுவதற்கு முன்பே தடுப்பது வேறொன்று. 2012-ல் கலிபோர்னியாவும், 2013-ல் நியூ ஜெர்ஸியும், பிறகு ஒன்றன் பின் ஒன்றாகப் பல மாநிலங்களும் சட்டம் செய்தன. 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு, லைசென்ஸ் பெற்ற மனநல ஆலோசகர்கள் இந்த 'மாற்றும்' சிகிச்சையைச் செய்யக் கூடாது. பாதிரியாரையோ, பாட்டியையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ சட்டம் தொடவில்லை. லைசென்ஸ்காரரை மட்டும்தான்.

அந்த ஆலோசகர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். நாங்கள் கத்தி எடுப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை, பேசுகிறோம், அவ்வளவுதான். பேச்சைத் தடுக்கச் சர்க்காருக்கு ஏது அதிகாரம் என்றார்கள்.

எடுத்த எடுப்பில் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல இது. பக்கத்து வீட்டு மாமி ஒரு சர்க்கரை வியாதிக்காரரிடம், மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காய்ச் சாறு குடியுங்கள் என்கிறாள். மாமியைப் போலீஸ் பிடிக்காது. பலகை மாட்டிக் கொண்ட டாக்டர் அதையே சொல்லி, ஒருவர் காலை இழந்துவிட்டால்? இரண்டும் பேச்சுத்தான். ஆனால் டாக்டர் பேசும்போது அவர் பின்னால் சர்க்கார் கொடுத்த லைசென்ஸும் நின்று பேசுகிறது. ஆகவே ஆலோசகரின் பேச்சு வைத்தியமே என்றது மேற்குக் கரையில் ஒரு அப்பீல் கோர்ட், 2013-ல். பேச்சுத்தான், ஆனாலும் தொழில் சம்பந்தமான பேச்சு என்று நியூ ஜெர்ஸி சட்டத்தை நிலை நிறுத்தியது மற்றொன்று, 2014-ல். 2018-ல் வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட், தொழில் செய்கிறவர் வாயிலிருந்து வருவதாலேயே ஒரு பேச்சு பாதுகாப்பை இழந்துவிடாது என்று இந்த இரண்டு தீர்ப்புகளையும் பெயர் சொல்லிக் கடிந்து கொண்டது. 2020-ல் பிளாரிடாவில் போகா ராட்டன் நகரமும் பாம் பீச் மாவட்டமும் போட்ட தடைகள் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஓர் அப்பீல் கோர்ட்டில் விழுந்தன.

அந்தப் பிளாரிடாத் தீர்ப்பில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக் கொண்டது. டாக்டர்கள் சங்கத்தின் அபிப்பிராயம் என்றைக்கும் ஒன்றாகவே இருந்ததா? 1973 வரையில் அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் சங்கமே தன்பால் ஈர்ப்பை வியாதிகளின் பட்டியலில்தான் வைத்திருந்தது. அந்த நாளில் ஒரு சட்டசபை, இது வியாதி இல்லை என்று எந்த ஆலோசகரும் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தால்? எவெலின் ஹூக்கர் என்ற பெண்மணி, மனோதத்துவ ஆராய்ச்சியாளர், 30 பேரை இந்தப் பக்கமும் 30 பேரை அந்தப் பக்கமும் வைத்துச் சோதனைகள் செய்து, பெயரை மறைத்து நிபுணர்களிடம் விடைகளைக் கொடுத்தார். யார் எந்தப் பக்கம் என்று நிபுணர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957-ல் அதை அவர் வெளியிட்டபோது அது ஊரோடு ஒத்த பேச்சல்ல. சர்க்காருக்கு வாயடைக்கும் வசதி இருந்திருந்தால் முதலில் அடைபட்டிருக்கக் கூடிய வாய்களில் அவருடையதும் ஒன்று. இதை நினைத்து இரண்டு நாள் பேனாவை எடுக்கவில்லை நான்.

மூன்றாம் நாள் எனக்குத் தோன்றியது இது. ஹூக்கர் அம்மாள் பத்திரிகையில் எழுதினார். எதிர்த்து எழுத மற்றவர்களுக்கு இடம் இருந்தது. அடைத்த கதவுக்குள்ளே 15 வயதுப் பிள்ளையிடம் பேசப்படும் பேச்சுக்கு எதிர்ப் பேச்சு எங்கே இருக்கிறது? ராபர்ட் ஸ்பிட்ஸர் என்ற டாக்டரைப் பாருங்கள். 1973-ல் பட்டியலைத் திருத்தியதில் பெரும் பங்கு அவருடையது. அவரே 2003-ல், 200 பேரிடம் டெலிபோனில் விசாரித்து, சிலருக்கு மாற முடிகிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். மாற்றும் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்! மற்ற விஞ்ஞானிகள் விடவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டீரே என்று கேட்டார்கள். 2012-ல், 80 வயதை எட்டிக் கொண்டிருந்த ஸ்பிட்ஸர், தாம் செய்தது தவறு என்று எழுதி மன்னிப்புக் கேட்டார். வாக்குச் சுதந்திரம் இப்படித்தான் தன்னைத் தானே திருத்திக் கொள்ளும். 9 வருஷம் ஆயிற்று. விஞ்ஞானத்துக்கு அது பெரிதல்ல. பிள்ளைகளின் கணக்கு வேறு.

கொலராடோ மாநிலம் 2019-ல் செய்த சட்டத்தின் மேல் வந்த வழக்கில், 2025 அக்டோபர் 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் வாதம் நடந்தது. நீதிபதி அலிட்டோ கேட்ட ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக் கொள்ளுகிறேன். இந்த ஈர்ப்பு எனக்கு வேண்டாம், குறைக்க உதவுங்கள் என்று ஒரு பையன் வந்தால் ஆலோசகர் மறுக்க வேண்டும். இதோடு நிம்மதியாக வாழ உதவுங்கள் என்று வந்தால் உதவலாம். ஒரு பக்கத்துப் பேச்சுக்கு மட்டும் பூட்டா என்று கேட்டார்.

கேள்வி கூர்மையானதுதான். எனக்கும் ஒரு கேள்வி உண்டு. அந்தப் பையன் தானாகவா வந்தான்? பீஸைக் கட்டியது யார்? வெளியே பெஞ்சியில் கைப்பையை மடியில் வைத்துக் கொண்டு காத்திருப்பது யார்? அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகிற பிள்ளை, எனக்கு இது வேண்டாம் என்று சொன்னால், அது யாருடைய வேண்டாம்? வயது வந்தவர்கள் விஷயத்தில் நான் பேச்சுச் சுதந்திரத்தின் பக்கம்தான். இஷ்டப்பட்டவர் இஷ்டப்பட்டதைக் கேட்கட்டும். பொய் வாக்குக் கொடுத்தவன் மேல் வழக்கும் போடட்டும். எழுந்து வெளியே போக முடியாத பிள்ளையின் விஷயத்தில் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

நம் ஊரில் விஷயம் வாக்குச் சுதந்திரத்தின் வழியாக வரவில்லை. டாக்டர்களின் லைசென்ஸ் வழியாக வந்தது. ஒருவரை ஒருவர் நேசித்த இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட வழக்கில், சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று பகிரங்கமாக ஒப்புக் கொண்டு, தாமே ஒரு மனோதத்துவ நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்து கொண்டார். நீதிபதி ஆசனத்திலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம்! பிறகு 2021 ஜூன் 7-ஆம் தேதி, குணப்படுத்துகிறேன் என்று இறங்குவதைத் தடை செய்து, மீறும் நிபுணரின் லைசென்ஸை ரத்துச் செய்யவும் வழி சொன்னார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ கமிஷனும் அதைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று அறிவித்தது.

நியூ ஜெர்ஸிக் கதைக்கு ஒரு வால் உண்டு. மூடிய கடை வேறு பெயரில் நடப்பதாகப் புகார் வந்து, 2019-ல் அதே கோர்ட் அவர்கள் உத்தரவை மீறியதாகக் கண்டது. கட்ட வேண்டிய தொகை 35 லட்சம் டாலர்.

பிராய்டின் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த அம்மாள் அதைக் கிழித்துப் போடவில்லை. பத்திரமாக வைத்திருந்து, இந்த விஷயங்களை ஆராய்ந்து கொண்டிருந்த ஆல்பிரட் கின்ஸிக்கு அனுப்பி வைத்தார். 1951-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் அது வெளியாயிற்று. கின்ஸிக்கு எழுதிய குறிப்பில் அவர் தம் பெயரைப் போடவில்லை. நன்றியுள்ள ஒரு தாய் என்று மட்டும் கையெழுத்திட்டிருந்தார்.