வெள்ளரி ஒன்றல்ல; பெயர் சொல்லி விற்போம்!

மே 5ஆம் தேதி வணிகர் தினம். அன்று கடைக்கு விடுமுறை விட்டு மாநாட்டுக்கு வேன் ஏறுவது நம் வழக்கம். கடந்த ஆண்டு முழங்கால் வலியால் என்னால் போக இயலவில்லை. கந்தர்வக்கோட்டையில் என் வீட்டுக் கொல்லையில், அக்னி நட்சத்திர வெயிலில், வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மளிகைக் கடைக்காரனுக்குக் கொல்லையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தக் கதையைச் சொல்லி, அதிலிருந்து நம் தொழிலுக்கு ஒரு கருத்தையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தஞ்சாவூர் சாலையில் காரை நிறுத்திவிட்டு ஒரு குடும்பத்தார் கடைக்கு வந்தார்கள். முந்திரிப்பருப்பு வாங்கிக்கொண்டு, "சாம்பார் வெள்ளரி இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். கூடையில் இருந்த பச்சை வெள்ளரியைக் காட்டினேன். "இது எங்கள் ஊரிலேயே கிடைக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று இரவு கணக்கு எழுதும்போது ஓர் ஆத்தாவின் நினைவு வந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து கோடைதோறும் மஞ்சள் தோல் சாம்பார் வெள்ளரியைக் கூடையில் சுமந்து என் கடைக்குத்தான் கொண்டுவருவார். ஒரு வருடம் நான், "ஆத்தா, இது ஓடமாட்டேங்குது. பச்சைக் காய் இருந்தா கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். "சரி தம்பி, இனிமே போடலை" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். சொன்னபடியே அதன்பிறகு போடவில்லை.

காரில் வந்தவர்கள் கேட்டுப் போன மறுவாரம் விதை கேட்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஆத்தா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. விதையைச் சாணத்தில் புரட்டிச் சுவரில் அப்பி வைப்பது அவர் வழக்கம். மருமகள் சொன்னார்: "அந்தச் சுவரையே இடிச்சு மெத்தை வீடு கட்டியாச்சுங்க." ஓர் ஊரில் ஒரு ரகம் எப்படி அழிகிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன். அழித்தவர்களில் நானும் ஒருவன். பூச்சியோ வறட்சியோ செய்யாத வேலையை என் ஒரு வார்த்தை செய்துவிட்டது.

பத்து சென்டில் ஏழு வெள்ளரி

அந்த உறுத்தலில்தான் கடந்த மாசி முதல் வாரம், போர்வெல் தண்ணீர் பாயும் பத்து சென்ட் செம்மண்ணில் ஏழு வகைகளை அடுத்தடுத்துப் போட்டேன். நாட்டு வெள்ளரிப்பிஞ்சும் வெள்ளரிப்பழமும் நம் பகுதி விதை. சாம்பார் வெள்ளரி விதையை நாகர்கோவில் சம்பந்தி அனுப்பினார். சுக்கங்காய் கடலைக் கொல்லையில் தானாக முளைத்தது. பழத்தைப் பறித்து விதை எடுத்தேன். கலப்பினப் பச்சை வெள்ளரி விதைக்கடைப் பாக்கெட். பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை மகன் விதையில்லா வெள்ளரியும், எலுமிச்சம்பழம்போல் உருண்டு மஞ்சளாகும் எலுமிச்சை வெள்ளரியும் கொண்டுவந்து கொடுத்தான்.

காய்ப்பை மட்டும் பார்த்தால் கலப்பினத்துக்கே முதல் பரிசு. ஒரே அளவு, ஒரே நிறம், கொத்தாகக் காய்த்தது. ஆனால் மின்வெட்டில் இரண்டு நாள் தண்ணீர் தப்பியதும் காய் வளைந்து கசந்தது. வெள்ளரிக் குடும்பத்தில் இயல்பாகவே ஒரு கசப்புப் பொருள் உண்டு. வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் அது கூடும். கடையில் வைத்த காய் மூன்றாம் நாள் வதங்கியது.

நாட்டுப் பிஞ்சு நாற்பது நாள் சுமாருக்குப் பறிப்புக்கு வந்தது. தினமும் பறிக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் முற்றி விதையோடிவிடும். பறித்த அன்றே உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன அதற்கு ஈடு இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கூடை காலியாகிவிடும்.

விதையில்லா வெள்ளரி விலை கூடியது. விதையை எண்ணித்தான் விற்கிறார்கள். அது மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வகை. பூச்சி நுழையாத குடிலில் வளர்க்க வேண்டியதைத் திறந்த வெளியில் போட்டது என் தவறு. பக்கத்துக் கொடிப் பூக்களில் உட்கார்ந்த தேனீ இதிலும் உட்கார, பல காய்களில் விதை பிடித்து நுனி பருத்துக் கோணலாகிவிட்டது. சித்திரை வெயிலில் பூவும் கொட்டியது. எலுமிச்சை வெள்ளரி பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ருசி மிதமானது, பழக்கமில்லாததால் வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

வெள்ளரிப்பழம் பழுத்ததும் வெடித்தது. அதன் சுபாவமே அதுதான். வெடிக்கும் நிலையில் நார் சுற்றிக் கட்டிக் காலையில் கடையில் வைத்தால் மணமே ஆளைக் கூப்பிடும். மாவுபோன்ற சதையில் நாட்டுச்சர்க்கரை தூவித் தின்றவர் மறுநாளும் வருவார். மாலைக்குள் விற்காவிட்டால் நமக்கு நட்டம்.

சாம்பார் வெள்ளரி நிதானமான ஆள். முற்றி மஞ்சளாக எழுபது நாள் ஆயிற்று. ஆனால் வைப்புத் தன்மையில் மற்ற ஆறும் அதன் அருகில் வர முடியாது. கேரளத்திலும் மங்களூர்ப் பக்கமும் வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். அப்படியே நானும் கட்டித் தொங்கவிட்டேன். சித்திரைக் காயை ஆடியில் அறுத்துச் சாம்பார் வைத்தோம். ஐஸ்பெட்டி இல்லாத சின்னக் கடைக்கு இதைவிடத் தோதான காய் எது?

கடைசியாகச் சுக்கங்காய். சிலர் மிதுக்கங்காய் என்பார்கள். உரமும் கேட்கவில்லை, கவனிப்பும் கேட்கவில்லை. பச்சைக் காயை யாரும் விரும்பி வாங்கவில்லை. பிளந்து உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைத்து வற்றலாக்கியதும் எடைக்கு எடை ஏழு வகைகளில் அதிக விலை இதற்குத்தான் கிடைத்தது. இதைத்தான் கடலைக் கொல்லையில் களை என்று பிடுங்கி எறிகிறோம்.

பெயர் ஒன்று, குலம் இரண்டு

நாம் வெள்ளரி என்று ஒரே பெயரில் அழைத்தாலும் இவை ஒரே குலம் இல்லை. பிஞ்சு வெள்ளரி, பச்சை வெள்ளரி, விதையில்லாதது, எலுமிச்சை வெள்ளரி ஆகிய நான்கும் உண்மையான வெள்ளரி. இமயமலை அடிவாரத்தில் காட்டுச் செடியாக இருந்து நம் நாட்டிலிருந்துதான் உலகெங்கும் போனது. சாம்பார் வெள்ளரி, வெள்ளரிப்பழம், சுக்கங்காய் மூன்றும் முலாம்பழத்தின் உடன்பிறப்புகள். முன்னதற்கு 7 இணை குரோமோசோம், பின்னதற்கு 12 இணை. ஆகவே இரண்டு குலமும் தங்களுக்குள் கலக்காது. ஆனால் ஒரே குலத்து ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் தேனீ கலந்துவிடும். எடுக்கும் விதை தாயைப்போல் வராது. இதை அறியாமல் நான் எல்லாவற்றையும் ஒரே கொல்லையில் போட்டேன். விதைக்கு வேண்டுமானால் தள்ளித் தள்ளிப் போட வேண்டும், அல்லது காலம் மாற்றிப் போட வேண்டும்.

இந்தக் குழப்பம் நம் கல்லாப்பெட்டி வரைக்கும் வருகிறது. இனிப்புக்கும் பாயசத்துக்கும் வெள்ளரி விதை கேட்கிறவருக்கு முலாம்பழ விதையை அதே பெயரில் கொடுப்பது நடைமுறையில் உண்டு. ருசிக்குப் பெரிய மோசம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் பெயருக்கு ஏற்ற பொருளைக் கொடுப்பதுதானே வணிகனின் முதல் தர்மம்?

பிரித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது

பெயரும் தரமும் பிரித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஊறுகாய் வெள்ளரியே சாட்சி. கெர்கின் எனப்படும் இந்தச் சின்ன வெள்ளரியை நம் ஊரில் யாரும் சமைப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறிய அளவில் தொடங்கிய சாகுபடி, பிறகு தமிழ்நாடு, ஆந்திரா, தெலங்கானாவுக்குப் பரவியது. 2020-21ஆம் ஆண்டில் 2,23,515 டன் ஏற்றுமதியாகி 22 கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்ததாக மத்திய வணிக அமைச்சகம் 2022 ஜனவரியில் அறிவித்தது. சுமார் 90,000 சிறு விவசாயிகள் ஒப்பந்த முறையில் 65,000 ஏக்கரில் இதைப் பயிரிடுவதாகவும் கூறியது.

அந்த வியாபாரத்தின் சூட்சுமம் தரம் பிரிப்பதுதான். கிலோவுக்கு எத்தனை காய் என்று எண்ணி வகைப்படுத்துகிறார்கள். காய் சிறுக்கச் சிறுக்க விலை கூடும். கேரளத்திலும் அப்படித்தான். சித்திரை விஷுக் கணிக்குத் தங்க நிறக் கணி வெள்ளரியைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். அந்த இனத்தில் முடிக்கோடு, சௌபாக்யா, அருணிமா என்று ரகங்களையே அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. நாம் மட்டும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டி, "வெள்ளரி கிலோ இவ்வளவு" என்று ஒரே பலகை எழுதுகிறோம்.

"ஜனங்கள் கேட்டால்தானே?"

என் மகன் கேட்ட கேள்வி இது. "வாடிக்கையாளர் பச்சைக் காயைத்தானே கேட்கிறார்? ஓடாத சரக்கை வாங்கி அழுகவிடச் சொல்கிறீர்களா அப்பா?" என்றான். நியாயமான கேள்வி. அழுகிய காய்க்கு அரசாங்கமா நட்ட ஈடு கொடுக்கும்?

ஆனால் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மூட்டையில் வரும் அதே பச்சைக் காயைத்தான் பெரிய அங்காடியும் விற்கிறது; செல்போனில் கேட்டால் வீட்டுக்கே கொண்டுவருபவரும் விற்கிறார். அந்தச் சரக்கில் அவர்களோடு விலைக்குப் போட்டி போட்டு நாம் ஜெயிக்க முடியாது. காலையில் பறித்த பிஞ்சும், அன்றே வெடித்த பழமும் அவர்களால் கொடுக்க முடியாதவை. குளிர்வண்டியில் ஏறாத சரக்கு நம் ஊர்ச் சரக்கு. அதுவே நம் பலம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் பக்கத்துத் தென்னையும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மரம் மறுபடி காய்க்க ஆண்டுகள் ஆகும். நாற்பது ஐம்பது நாளில் கையில் காசு தரும் பயிர் விவசாயியிடம் இருந்தால், அந்தக் காசு நம் கடைக்கு வரும், பாக்கியும் அடையும். அவர்கள் கையிருப்பும் நம் வியாபாரமும் ஒரே ஏற்றத்தின் இரண்டு முனைகள்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, பலகையில் பெயர் எழுதுவோம். பிஞ்சு வெள்ளரி, சாம்பார் வெள்ளரி, வெள்ளரிப்பழம் என்று தனித்தனிக் கூடை, தனித்தனி விலை. சமைக்கும் முறையையும் ஒரு வரியில் சொல்லுங்கள். எலுமிச்சை வெள்ளரி விற்காததற்குக் காரணம், அதை எப்படித் தின்பது என்று நான் யாருக்கும் சொல்லாததுதான்.

இரண்டாவது, தை பிறக்கும்போதே தெரிந்த விவசாயிகள் இரண்டு பேரிடம், "இவ்வளவு போடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுங்கள். நான்கு கூடைக்கு மேல் வேண்டாம். விற்றால் அடுத்த ஆண்டு கூட்டலாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஆத்தாவுக்கு நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, சுக்கங்காய் வற்றலைப் பாக்கெட் போட்டு விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும், தேதியும், எடையும் அச்சிட்டே விற்க வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் சின்னக் கடைக்கும் உண்டு.

நான்காவது விதை. 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, விதை விற்க உரிமம் வேண்டும். ஆகவே உரிமம் இல்லாமல் பாக்கெட் விதை விற்று மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆனால் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விவசாயி தன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மற்ற விவசாயிக்குக் கொடுக்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்ட் பெயரிட்டு விற்கத்தான் கூடாது. கொடுப்பவரையும் வேண்டுபவரையும் சேர்த்துவைக்க நம் கடைத் திண்ணையைவிட நல்ல இடம் ஏது? டெல்லியில் உள்ள தேசிய தாவர மரபணு வளப் பணியகம் குளிரறையில் விதைகளைக் காத்து வருவது நல்ல காரியம்தான். ஆனால் குளிரறையில் இருக்கும் விதை நம் தெருவில் பிஞ்சாக வந்து விற்காது. வருடந்தோறும் மண்ணில் விழுந்தால்தான் அது நம்முடையது.

நிறைவாக ஒன்று. நாகர்கோவில் விதையில் காய்த்த சாம்பார் வெள்ளரி நன்றாகத்தான் இருந்தது. ஆத்தா கொண்டுவந்த காய் இதைவிடச் சற்றுக் குட்டையாக, தோலில் கோடு கோடாக இருக்கும். அது இனி வராது. நாகர்கோவில் விதையில் ஒரு பிடியை அந்த மருமகளிடம் கொடுத்திருக்கிறேன். வரும் மாசியில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். காய்த்தால் எத்தனை கூடை ஆனாலும் என் கடைக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடை வாசலிலும் இந்தக் கோடையில் யாராவது ஒருவர் கூடையை இறக்குவார். "இது ஓடாது" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். பெயர் கேளுங்கள், பெயர் எழுதி வையுங்கள், விற்றுப் பாருங்கள்.