மின்சார கார்: கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

இருபது லட்சம் ரூபாய் மின்சார காரைக் கடனில் வாங்க நினைக்கும் குடும்பங்கள் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காரில், லிட்டர் 100 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடும் மின்சார காரை வீட்டிலேயே சார்ஜ் செய்தால், யூனிட் 10 ரூபாய் என்றாலும் இரண்டு ரூபாய்க்குள் அடங்கிவிடும். மிச்சம் ஐந்து ரூபாய். அதே அளவு பெட்ரோல் காரைவிட ஐந்து லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதை மீட்க ஒரு லட்சம் கி.மீ. ஓட்ட வேண்டும். தினமும் 80 கி.மீ. ஓட்டுபவருக்கு அது மூன்றரை ஆண்டு, 30 கி.மீ. ஓட்டுபவருக்கு ஒன்பது ஆண்டு. பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதமோ எட்டு ஆண்டுதான். வட்டியையும் காப்பீட்டையும் இதில் நான் சேர்க்கவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஜர் வைக்க அனுமதி கிடைக்காவிட்டால் இந்தக் கணக்கே மாறிவிடும். பொது விரைவு சார்ஜிங் நிலையங்களில் கட்டணம் வீட்டைவிட அதிகம். குடியிருப்போர் சங்கங்கள் மறுக்க முடியாதபடி, சொந்த நிறுத்துமிடத்தில் சார்ஜர் அமைப்பதை அரசு உரிமையாக்க வேண்டும். புகையில்லா நகரம் வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தாம்பரம்.