டயர் மினுங்கினால் மட்டும் போதுமா?

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாளைக்கு முன்னர் நடந்த விடயம் இது. எங்கள் கடைக்கு வழமையாக வரும் வாடிக்கையாளர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே வந்தார். "நானா, நீங்க தந்த டயர் பொலிஷ் சரியில்ல. வந்து பாருங்க" என்றார்.

வெளியே போய்ப் பார்த்தேன். வெள்ளை நிறக் கார். முன்சில்லுக்குப் பின்னாலிருந்து கதவின் அடிப்பாகம் வரைக்கும் கரும்புள்ளிகள் விசிறியடித்திருந்தன. அலோய் வீலில் பொலிஷ் வழிந்து, அதிலே பிரேக் தூசு ஒட்டிச் சேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. இறங்கும்போது உரசியதில் மகனின் புது ஜுப்பாவிலும் அதே கறை.

பொலிஷில் பிழையில்லை, பூசிய விதத்தில்தான் பிழை என்று சொன்னேன். அவருக்குக் கோபம் ஆறவில்லை. நியாயந்தான். போத்தலை விற்றுக் காசை வாங்கிய நாங்கள், எப்படிப் பூசுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அந்தக் கடனை இந்தப் பத்தியில் தீர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, கழுவுவது. பழைய டயரில் ஒரு பழுப்பு நிறம் படிந்திருக்கும். பலர் அதை மண் என்று நினைக்கிறார்கள். டயர் வெடிக்காமல் இருப்பதற்காகச் செய்யும்போதே ஒருவகை இரசாயனமும் மெழுகும் இறப்பரோடு கலக்கிறார்கள். அது மெல்ல மெல்ல வெளியே கசிந்து, காற்றுப்பட்டுப் பழுப்பாகிறது. அதற்கு மேலே பொலிஷ் பூசினால் பிடிக்காது. முதலில் வீலைக் கழுவிவிட்டு, பிறகு டயரைச் சவர்க்காரத் தண்ணீரும் பிரஷும் கொண்டு தேய்க்க வேண்டும். நுரை பழுப்பாக வரும் வரைக்கும் தேய்த்து, வெள்ளையாக வந்த பிறகு அலசி, நன்றாகக் காயவிட வேண்டும். எங்கள் எஹலியகொடைப் பக்கத்து மழையில் காயவைப்பது லேசான வேலையல்ல. ஆனாலும் ஈர டயரில் பூசினால் வெளியே எடுத்ததும் வழியத்தான் செய்யும்.

இரண்டாவது, பொலிஷை டயர் மீது நேரடியாக அடிக்கக் கூடாது. ஸ்ப்ரே போத்தலாக இருந்தாலும் ஸ்பொஞ்சில் அடித்து, ஸ்பொஞ்சினால் பூசுங்கள். ஸ்பொஞ்ச் நனைய வேண்டுமே தவிர சொட்டக் கூடாது. வீலின் விளிம்பைத் தொடாமல் வட்டமாக இழுத்தால் துடைக்கும் வேலையே இல்லை.

மூன்றாவதுதான் எல்லோரும் விட்டுவிடும் வேலை. பத்து நிமிடம் பொறுத்து, காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். டயர் குடித்தது போக மிஞ்சியதுதான் சில்லு சுழலும்போது வெளியே வீசப்பட்டுப் பொடியில் தெறிக்கிறது. மிச்சத்தைத் துடைத்துவிட்டால் தெறிப்பதற்கு ஒன்றுமில்லை. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் தண்ணீர் வகைப் பொலிஷ் தெறிப்பது குறைவு, மினுக்கமும் அளவாக இருக்கும். மழையில் சீக்கிரம் போய்விடும் என்பதுதான் அதன் குறை. எண்ணெய் வகை அதிகம் மினுங்கும், அதிகம் தெறிக்கும்.

ஒரு எச்சரிக்கை. தரையில் படும் பூப் பகுதியில் பொலிஷ் படவே கூடாது. டிஸ்க் பிரேக்கில் ஸ்ப்ரே பட்டால் பிரேக் பிடிக்காமல் போகலாம். மோட்டார் சைக்கிள் வளைவில் சரிந்து ஓடுவதால் அதன் டயருக்குப் பொலிஷே வேண்டாம். இரத்தினபுரி வீதியின் வளைவுகளில் மழை நேரத்தில் ஓடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சில இடங்களில் செலவைக் குறைக்க மண்ணெண்ணெய், டீசல், எரிந்த எஞ்சின் ஒயில் என்று பூசுகிறார்கள். அன்றைக்குக் கறுப்பாகத்தான் இருக்கும். சுற்றிவர இறப்பர்த் தோட்டம் உள்ள ஊரில் இருந்துகொண்டு நாம் இதைச் செய்யலாமா? பஞ்சர் ஒட்டும் சொலூஷன் எப்படி வருகிறது? இறப்பரைப் பெற்றோலிய எண்ணெயில் கரைத்துத்தானே! டயர் அப்படிக் கரைந்துவிடாது. ஆனால் எண்ணெயைக் குடித்து ஊதி, நாளடைவில் பலமிழந்துபோகும். ஐம்பது ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், பல்லாயிரம் ரூபாய் டயரைக் கெடுக்கும் கணக்கு இது.

இனி வியாபாரிகளான நமக்கு. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய வாகனங்களுக்குத் தங்க விலை. அப்போது நானும் ஒரு வேன் வாங்கினேன். நான்கு டயரும் கண்ணாடி மாதிரி மினுங்கின. இரண்டு கிழமை மழையில் ஓடியதும் பொலிஷ் போய், பக்கச்சுவர் முழுக்க நரம்பு நரம்பாக வெடிப்புத் தெரிந்தது. கடையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நானே ஏமாந்தேன். வீட்டுப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவிசாவளைக்கும் கொழும்புக்கும் ஓடிய நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

ஆகவே வாங்குபவர்கள் மினுக்கத்தைப் பார்க்க வேண்டாம். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். ஒரு பக்கத்தில் காணவில்லையென்றால் மறுபக்கத்தில் இருக்கும். ஒரு துணியால் பொலிஷைத் துடைத்துவிட்டு, வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். குறையைச் சொல்லி விற்பது நம் முன்னோர் காட்டித் தந்த வியாபாரம். நல்ல டயருக்குப் பொலிஷ் அழகு. வெடித்த டயருக்கு அதே பொலிஷ் மோசடி. சேர்விஸ் ஸ்டேஷன் நடத்தும் சகோதரர்களே, வேலை செய்யும் பையனுக்கு ஒரு ஸ்பொஞ்சும் காய்ந்த துணியும் பத்து நிமிடமும் கொடுங்கள். டயரில் வெடிப்பைக் கண்டால் பூசுவதற்கு முன்பே வாகனக்காரரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அன்றைய பொலிஷ் காசு கிடைக்காமல் போகலாம், ஆனால் அந்த மனிதர் வேறு கடை தேடிப் போகமாட்டார்.

அந்த வாடிக்கையாளரின் காரை அன்றே எங்கள் செலவில் கழுவிக் கொடுத்தோம். இப்போது எங்கள் கடையில் பொலிஷ் வாங்கினால் ஒரு ஸ்பொஞ்ச் இலவசம். எப்படிப் பூசுவது என்ற விளக்கமும் கூடவே இலவசம்.