பாதிக்கப்பட்டோரின் வீட்டு முகவரியைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்,
பந்தல்குடி, அருப்புக்கோட்டை வட்டம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள், விருதுநகர்.

நகல்: மாவட்ட ஆட்சியர், விருதுநகர், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: குற்றத்தால் பாதிக்கப்பட்டோரின் முகவரி வெளியாவதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.



2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்கொடுமைப் புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவருடைய பெயர், முகவரியோடு வெளியே பரவியது. புதிய குற்றவியல் சட்டத்துக்கு மாறும்போது ஏற்பட்ட கணினிக் கோளாறு என்று விளக்கம் சொல்லப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2019இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் அரசாணையிலேயே பாதிக்கப்பட்டவரின் பெயர் வெளிவந்தபோது மதுரைக் கிளையும் அதே தொகையைத்தான் வழங்கச் சொன்னது. இழப்பீடு கொடுத்துவிடலாம், ஊரறிந்த வீட்டை இனி யார் மறைப்பது?

நகரத்தில் வீடு மாற வழியுண்டு. மானாவாரிக் காட்டையும் ஆடு மாட்டையும் விட்டு நாங்கள் எங்கே போவது? எங்கள் ஊர்களில் கதவு எண்கூட வேண்டாம். தகப்பன் பெயரும் தெருப்பெயரும் போதும், வீடும் தெரியும், சாதியும் தெரியும். சம்மன் கொண்டுவரும் காவலர் டீக்கடையில் வண்டியை நிறுத்தி வழி கேட்டால், பொழுது சாயுமுன் எதிர்த்தரப்பு சமாதானம் பேச வாசலில் வந்து நிற்கும். இதற்குப் பயந்தே பாதிக்கப்பட்டோர் புகாரோடு காவல் நிலையம் ஏறத் தயங்குகிறார்கள்.

பாலியல் குற்றங்களில் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளானவருக்கு அந்தக் காவல் இல்லை. ஆனால் உணர்திறன் மிக்க வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்றாமல் இருக்க, துணைக் கண்காணிப்பாளர் நிலையிலேயே முடிவெடுக்கலாம் என்று 2016இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மிரட்டல் உள்ள எல்லா வழக்கிலும் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டுகிறோம். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டப்படி தர வேண்டிய நகலை நிறுத்தச் சொல்லவில்லை.

சம்மனைச் சீருடையின்றி, முன்கூட்டித் தொலைபேசியில் பேசி, பாதிக்கப்பட்டவர் சொல்லும் இடத்தில் வழங்க வேண்டும். பத்திரிகைக் குறிப்பிலும் காவல்துறை வாட்ஸ்அப் குழுக்களிலும் தெருப்பெயர் வரக் கூடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகளின் பெயர், முகவரியை மறைக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்பதையும், 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தையும் புகார் வாங்கும்போதே தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சம்மன் முறையை மாற்றப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. அதைப் பந்தல்குடி காவல் நிலையத்தில் உடனே தொடங்க உத்தரவிடுமாறும், நேரில் விளக்க எங்களுக்கு ஒரு நாள் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்,
பந்தல்குடி.