வாடகைக்கு வருவோருக்கு விசாரணை! வீட்டுக்காரருக்கு?

இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் என்னவெல்லாம் கேட்கிறார்கள் தெரியுமா? சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, பழைய வீட்டுக்காரரின் கடிதம்! போதாக்குறைக்கு, அந்நாட்டில் தங்கும் உரிமை அவருக்கு உண்டா என்பதையும் வீட்டுக்காரரே சோதிக்க வேண்டுமாம். 2014ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் தந்த இந்த ஏற்பாடு 2016 பிப்ரவரியில் நாடு முழுவதற்கும் வந்தது. இதனால் வீட்டுக்காரர்கள் சிலர் பாகுபாடு காட்டுகிறார்கள் என்பதை, 2020இல் 'சட்டம் செல்லும்' என்று தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

சரி, வீட்டுக்காரரை விசாரிப்பது யார்?

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் வீட்டு உரிமையாளர் அங்கீகாரத் திட்டங்கள் வந்தன. லண்டனில் 2004இல் இப்படியொரு திட்டம் தொடங்கியது. ஒரு நாள் பயிற்சி, நடத்தை விதிகளை ஏற்பதாக உறுதிமொழி, அதன்பின் அங்கீகாரம். எரிவாயு இணைப்பை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். மின் இணைப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். முன்பணத்தை 30 நாட்களுக்குள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும். இவை சலுகைகள் அல்ல, சட்டங்கள்! பயிற்சி பெற்றவர் 'எனக்குத் தெரியாதே' என்று கைவிரிக்க முடியாது. மீறினால், குடியிருப்பவர் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. இந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது? 'விரும்பினால் சேரலாம்' என்பதில்! ஏற்கனவே ஒழுங்காக நடப்பவர் தேடி வந்து சேருகிறார். சுவரெல்லாம் பூஞ்சை படர்ந்த அறையில் ஆறு பேரை அடைத்து வாடகை கறப்பவர் ஏன் வரப் போகிறார்? யாரிடமிருந்து பாதுகாப்பு வேண்டுமோ அவர் மட்டும் வெளியே நிற்கிறார்!

இதைப் புரிந்துகொண்டது வேல்ஸ். விருப்பத் திட்டம் போதாது என்று 2014இல் சட்டம் இயற்றியது. 'ரென்ட் ஸ்மார்ட் வேல்ஸ்' என்ற பெயரில் 2015 நவம்பர் 23 முதல் பதிவு கட்டாயமானது. வீட்டைத் தாமே நிர்வகிப்பவர் பயிற்சி பெற்று உரிமம் வாங்க வேண்டும். ஓராண்டு அவகாசத்துக்குப் பின் நடவடிக்கை தொடங்கியது. மீறினால் அபராதம், தீர்ப்பாயம் வாடகையையே நிறுத்தி வைக்கலாம்!

'கட்டாயப்படுத்தினால் வாடகை ஏறும், வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவார்கள்' என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கார் ஓட்டுவதற்கு உரிமம் வேண்டும். ஒரு குடும்பத்தைப் பணம் வாங்கிக்கொண்டு குடியமர்த்த எதுவுமே வேண்டாமா? வேல்ஸ் உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தக் கட்டணத்தை மாதக் கணக்கில் பிரித்துப் பார்க்கட்டும், பிறகு பேசட்டும்!

இங்கிலாந்திலும் தமிழர்கள் திரளாக வாழும் ஈஸ்ட்ஹாமை உள்ளடக்கிய நியூஹாம் நகராட்சி, 2013இல் தன் எல்லை முழுவதும் வாடகை வீட்டு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 2025 அக்டோபரில் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம், வீட்டுக்காரர்களுக்குத் தேசியப் பதிவேடு என்கிறது. வரவேற்கிறோம். ஆனால் பயிற்சியை அது கட்டாயமாக்கவில்லையே! பெயரைப் பதிந்துவிட்டால் பொறுப்பு வந்துவிடுமா?

படிக்கவும் பிழைக்கவும் அங்கே செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: முன்பணம் கொடுக்குமுன் பதிவேட்டைப் பாருங்கள், அங்கீகாரத்தைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வாடகை கொடுப்பவர் ஆவணம் காட்டுகிறார். வாங்குபவரும் காட்டட்டும்!